25 மீட்டருக்கு 24 மடங்கு ஜூம் வேண்டுமா? (ஏர் ரைபிள் ஸ்கோப்)

கேள்வி: 5 மே 2024

அண்ணே, வணக்கம். அலங்காநல்லூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் அட்டை வைத்துச் சுட்டுப் பழகுகிறேன். ஒடித்து லோடு பண்ணுகிற ஸ்பிரிங் ஏர் ரைபிள், 4.5 மி.மீ. தூரம் 10 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை. இரும்புக் குறியில் 20 மீட்டருக்கு மேல் கறுப்பு வட்டம் மங்கிவிடுகிறது. ஸ்கோப்புக்கு 8,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 6-24×50 ஒன்று 6,500க்கு வருகிறது. 3-9×40ம் அதே விலைதான். ஒரே காசு என்றால் ஜூம் அதிகம் இருப்பதை வாங்குவதுதானே சரி?

6 மே 2024

வேண்டாம் தம்பி. 3-9×40 போதும். மீதிக் காசுக்கு, ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கிற நல்ல மவுண்ட்டும் நாலு டப்பா பெல்லட்டும் வாங்குங்கள்.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். 3-9 என்றால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகக் காட்டும். 40 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேருகிற ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. 50ஐ 24ஆல் வகுத்தால் 2.1 மி.மீ.தான். நம் ஊர்ப் பகல் வெளிச்சத்துக்கு அந்த 2.1 போதும், இருட்டாகத் தெரியாது. ஆனால் ஒரு சாமைப் பருக்கை அளவு வட்டத்துக்குள் கண்மணியை நிறுத்தி வைக்க வேண்டும். கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கறுத்துப்போகும்.

இன்னொன்று, 24 மடங்கில் அட்டை மட்டும் பெரிதாவதில்லை, கை நடுக்கமும் 24 மடங்காகத் தெரியும். குறுக்குக் கோடு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துப் பதறி டிரிக்கரைப் பிடுங்குவோம். பழகுகிற காலத்தில் அது கெட்ட பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஒட்டியது, விட இரண்டு வருஷம் ஆனது.

6 மே 2024, இரவு

லைசென்ஸ் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கு மேற்படாமலும் (நம் 4.5 மி.மீ. அதுதான்), குழல் வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். 0.51 கிராம் பெல்லட் விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் கணக்குக்கு 14.7 ஜூல் வருகிறது. ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டுகிறேன் என்று இறங்காதீர்கள்.

அட்டைக்கு மட்டும் சுடுங்கள். மயிலோ புறாவோ எதுவானாலும் குறியில் வரக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அதற்கும் மேல் மனசு இருக்கிறது. என் தோட்டம் மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டிக்குப் போகிற வழி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. அங்கே பாறை மேல் வல்லூறு வட்டமிடுவதைப் பார்த்தவன் பறவை மேல் ரைபிளைத் தூக்க மாட்டான். அட்டைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு வேண்டும். கல் கலக்காத செம்மண், சலித்துப் போட்டது.

11 மே 2024

கேட்ட தம்பி இன்று புதூரில் என் லேத் பட்டறைக்கே வந்துவிட்டார். என் பழைய 3-9×40ஐக் கழற்றிக் கொடுத்தேன். நாளை காலை தோட்டத்தில் மாட்டிப் பார்ப்போம்.

13 மே 2024

6ஆம் தேதி நான் சொன்னதில் பாதி தப்பு.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். 25 மீட்டரில் ஐந்து பெல்லட் ஓரளவு சேர்ந்து விழுந்தது. 10 மீட்டருக்கு வந்தால் ஒன்பது மடங்கில் அட்டை கலங்கிய தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி தெரிகிறது. நான்கு மடங்குக்கு இறக்கினால் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பெல்லட் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது. தம்பி முகம் வாடிவிட்டது, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ரைபிளை மணல் மூட்டையில் அழுத்தி வைத்து, குறுக்குக் கோட்டை நடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டோம். துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். கோடு அட்டை மேல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அந்த அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. அதன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கோடு போய் வந்தது. ரைபிள் அசையவே இல்லை.

இதைத்தான் பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று படித்தோம். கடையில் பாரலாக்ஸ் என்பார்கள். சாதாரண 3-9×40கள் பெரும்பாலும் பெரிய ரைபிளுக்காகச் செய்தவை, 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, லென்ஸைப் பொருத்தி மூடிவிடுவார்கள். அந்தத் தூரத்தில் மட்டும்தான் அட்டையின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் நிற்கும். நமக்கு வேண்டிய 10 மீட்டரில் பிம்பம் கோட்டுக்குப் பின்னால் எங்கோ விழுகிறது.

நான் இத்தனை வருஷம் 25 மீட்டரிலேயே சுட்டுக்கொண்டிருந்ததால் இந்தக் குறை உறைக்கவில்லை.

14 மே 2024

கணக்கு போட்டுப் பார்த்தேன். முன் லென்ஸின் ஆரத்தை எடுத்து, ஸ்கோப் பொருத்தப்பட்ட தூரத்துக்கும் நாம் சுடுகிற தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பொருத்தப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸ், 91 மீட்டர் ஸ்கோப் என்றால் 10 மீட்டரில் கிட்டத்தட்ட 18 மி.மீ., 25 மீட்டரில் 14.5 மி.மீ. ஒரு பக்கத்துக்கு மட்டும் இவ்வளவு. கறுப்பு வட்டம் முழுக்கக் கோடு ஊர்ந்ததற்குக் கணக்கும் சாட்சி சொல்கிறது.

15 மே 2024

நேற்றைய எண்ணைப் பார்த்து இரண்டு பேர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். அது கண் ஓரத்துக்குப் போய்ப் படம் கறுக்கிற எல்லையில் வருகிற உச்சப் பிழை. கன்னம் ஒரே இடத்தில் படிந்திருந்தால் அதில் நாலில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்குக் கன்னம் ஒரே இடத்தில் படிவதில்லையே, அதுதானே சிக்கல்.

19 மே 2024

புது ஸ்கோப் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி. இது நானே செய்து பார்த்தது.

பிழை முன் லென்ஸின் அகலத்தைப் பொறுத்தது என்றால், அகலத்தைக் குறைத்துவிடலாம். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி மாதிரி ஏதாவது ஒரு பிளாஸ்டிக் மூடியில் நடுவில் 20 மி.மீ. துளை போட்டு, உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்கோப்பின் முன் வாயில் மாட்டுங்கள். பிழை சரிபாதியாகக் குறையும். 10 மீட்டரில் அட்டையும் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும், கேமராவில் துவாரத்தைச் சுருக்கினால் எல்லாத் தூரமும் தெளிகிற மாதிரி. வெளிச்சம் குறையும்தான். மே மாதத்து மதுரையில் வெளிச்சத்துக்கா பஞ்சம்?

துளை நடுவில் இருக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் லேத்தில் போட்டேன். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, சூடான ஆணியால் சுற்றிக் குத்தி, அரத்தால் சீவினாலும் போதும்.

முதல் மூடியை 12 மி.மீ. துளையோடு செய்தேன். ஒன்பது மடங்கில் அது சரிப்படவில்லை, படம் மங்கலாகி வட்டத்தின் ஓரம் பிசுபிசுத்தது. 20க்குக் கீழே போகாதீர்கள்.

26 மே 2024

சரி, வாங்குவதாக இருந்தால் எதை வாங்குவது?

தூரத்துக்கு ஏற்ப லென்ஸைத் திருத்திக்கொள்ளும் வசதி வேண்டும். இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, முன் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்புவது, அட்டைப் பெட்டியில் ஏ.ஓ. என்று போட்டிருக்கும். இன்னொன்று, இடது பக்கத்தில் குமிழ் இருப்பது, சைடு ஃபோகஸ் என்பார்கள். குமிழ் வசதி, குறியிலிருந்து தலையை எடுக்க வேண்டாம். ஆனால் அதே காசுக்கு ஏ.ஓ.தான் உருப்படியாகக் கிடைக்கும், உள்ளே அசையும் பாகம் குறைவு.

எவ்வளவு கிட்டத்துக்கு வரும் என்று பாருங்கள். 10 கஜம் என்று போட்டிருந்தால் நமக்கு ஆகும். 25 கஜத்தில் நின்றுவிடுகிறவையும் இருக்கின்றன, அவை வேண்டாம். உங்கள் 6,500 ரூபாய் 6-24×50இன் விவரத்தைத் தேடிப் பார்த்தேன், அதில் கிட்டத் தூரம் எழுதவே இல்லை.

மடங்கு 4-12 போதும். லென்ஸ் 40. எடுத்துக்காட்டுக்கு ஹாக் வான்டேஜ் 4-12×40 ஏ.ஓ. 10 கஜம் வரை வரும், ஒரு அங்குலக் குழல், கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, கோட்டை நகர்த்தும் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் அதில் கால் பங்கு நகரும்). அதே அமைப்பில் வேறு பெயர்களிலும் நிறைய இருக்கின்றன. எதை வாங்கினாலும் ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதையைத் தாங்கும் என்று உத்தரவாத அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் 8,000த்துக்குள் வராவிட்டால் இரண்டு மாசம் மூடியை மாட்டிச் சுடுங்கள், சேர்த்து வைத்து வாங்கலாம்.

26 மே 2024, கொஞ்ச நேரம் கழித்து

ஸ்பிரிங் உதை பற்றிக் கேட்கிறார்கள். பெரிய ரைபிள் பின்னால் மட்டும்தான் உதைக்கும், ஸ்கோப்பை அந்த உதைக்குத்தான் கட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் தள்ளும், பிஸ்டன் முட்டி நின்றதும் ரைபிள் முன்னால் இழுபடும். இந்த முன்னிழுப்புதான் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றுகிறது. பெரிய ரைபிளுக்கான ஸ்கோப் ஒன்று என்னிடம் முந்நூறு சுடலுக்குள் உள்ளே கலகலவென்று கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. காற்று அடைத்து வைக்கிற பி.சி.பி. ரைபிளுக்கு இந்தக் கவலை இல்லை.

2 ஜூன் 2024

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: மகள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள், பிறந்தநாளுக்கு ஸ்கோப் வாங்கித் தரலாமா?

வாங்காதீர்கள்மா. அந்தப் போட்டியில் ஸ்கோப் அனுமதியே கிடையாது. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான், லென்ஸ் வைத்துப் பெரிதாக்கக் கூடாது. பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அதை அந்தத் துளை வழியாகவே பார்த்துச் சுட்டுத்தான் 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அப்படித்தான் சுடுகிறார். அந்தக் காசுக்கு அவளுக்குச் சரியான அளவில் சுடும் கையுறையோ நல்ல பெல்லட்டோ வாங்கித் தாருங்கள், பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

நான் இங்கே எழுதுவதெல்லாம் தோட்டத்தில் தூரம் மாற்றி மாற்றிச் சுடுகிறவர்களுக்கு.

16 ஜூன் 2024

தம்பி 4-12×40 ஏ.ஓ. ஆர்டர் போட்டுவிட்டாராம். வருவதற்குள் மவுண்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பைவிட மவுண்ட்டால் கெட்டவர்கள் அதிகம்.

ஏர் ரைபிளின் மேல் உள்ள பள்ளம் 11 மி.மீ. அளவு. பெரிய ரைபிளின் அகலமான பட்டைக்குரிய மவுண்ட் அதில் உட்காராது. ஒற்றைத் துண்டாக வருவதை வாங்குங்கள், அடியில் ஒரு சின்ன முளை இருக்க வேண்டும். ரைபிள் மேலே அதற்கு ஒரு குழி இருக்கும், முளை அதற்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் மயிரிழை பின்னால் நகரும், ஐம்பது சுடலில் கண்ணுக்கே தெரியும்.

வளையத்தின் ஆணிகளை எல் வடிவ அலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து விரலால் மட்டும் முறுக்குங்கள், குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றும் கால் சுற்று கால் சுற்றாக. நான் பட்டறைக்காரன், கை பழக்கத்தில் நீளப் பக்கத்தைப் பிடித்து முறுக்கி ஒரு ஸ்கோப்பின் குழலில் பள்ளம் விழ வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் அதன் ஜூம் வளையமும் இறுகிப்போனது.

குறுக்குக் கோடு நேராக நிற்க வேண்டும். அதற்குக் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டமும் தூக்குக்குண்டும் போதும். 25 மீட்டரில் வேப்ப மரத்துக் கிளையில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள், வெள்ளை நூலாக இருந்தால் நல்லது. ரைபிளின் பள்ளத்தின் மேல் சின்ன ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி மணல் மூட்டையில் நிறுத்துங்கள். இப்போது ஸ்கோப்பைத் திருப்பி நிமிர்ந்த கோட்டை அந்த நூலோடு ஒட்ட வையுங்கள். நூல் கோட்டுக்குப் பின்னால் மறைந்தால் முடிந்தது. பிறகு ஆணியை இறுக்கும்போது ஸ்கோப் லேசாகத் திரும்பும், இறுக்கிய பின் மறுபடி பாருங்கள்.

30 ஜூன் 2024

ஸ்கோப் வந்துவிட்டது. ரைபிளில் மாட்டும் முன் பட்டறையில் சோதித்தோம். ஒரு பெல்லட் செலவில்லை.

ஸ்கோப்பை வி-பிளாக்கில் துணி சுற்றி வைத்து, வைஸில் மெதுவாகப் பிடித்தோம். சரியாக 10 மீட்டர் அளந்து எதிர்ச் சுவரில் கிராஃப் தாள் ஒட்டினோம். கால் எம்ஓஏ கிளிக் என்றால் 100 மீட்டரில் 7.27 மி.மீ., 10 மீட்டரில் 0.73 மி.மீ. ஆக 40 கிளிக்குக்குக் கோடு 29 மி.மீ. நகர வேண்டும். தம்பி கிளிக் எண்ண, நான் ஸ்கோப்புக்குள் கட்டம் எண்ணினேன். 29ஐத் தொட்டது. திரும்ப 40 கிளிக் வந்தால் புறப்பட்ட கட்டத்துக்கே வந்தது. பக்கவாட்டிலும் அப்படியே.

அடுத்து ஜூம் வளையத்தை 4இலிருந்து 12 வரை மெதுவாகத் திருப்பினோம். கோடு அரைக் கட்டம், அதாவது அரை மில்லிமீட்டர், இடம் மாறியது. இந்த விலைக்கு இது நல்ல ஸ்கோப். கடையில் இரவல் வாங்கி வந்து இதே மாதிரி பார்த்த ஒரு 6-24×50இல் கோடு ஆறு மில்லிமீட்டர் ஓடியது. அந்த மாதிரி ஸ்கோப்பில் ஒரு மடங்கில் ஜீரோ பண்ணி (கோடு நிற்கிற இடத்திலேயே பெல்லட் விழும்படி திருத்தி) வேறு மடங்கில் சுட்டால் பெல்லட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதே ஸ்கோப்பை 24இல் வைத்து, கைநீளத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினால் கண்ணாடியில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் விட்டம் 2.1 மி.மீ. இருக்க வேண்டும், வெர்னியரில் 1.6தான் வந்தது. 1.6ஐ 24ஆல் பெருக்குங்கள், 38. பெயர்தான் 50, உள்ளே எங்கோ ஒரு வளையம் மீதியை மறைக்கிறது. சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும்.

கண் பக்கத்து வளையம் பற்றியும் சொல்ல வேண்டும். அது உங்கள் கண்ணுக்குக் குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிவதற்கு மட்டும். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒருமுறை சரிசெய்துவிட்டு அதை விட்டுவிடுங்கள். அட்டை மங்கலாகத் தெரிகிறதே என்று இதைத் திருகுகிறவர்கள் நிறையப் பேர்.

1 ஜூலை 2024

கோட்டில் உள்ள புள்ளிகளை வைத்துத் தூரத்துக்கு ஏற்பத் தூக்கிச் சுடலாமா என்று கேட்டவருக்கு: சுடலாம், ஆனால் மடங்கை மாற்றாமல். மலிவு ஸ்கோப்புகளில் மடங்கைக் கூட்டினால் அட்டை பெரிதாகும், கோடு அதே அளவில் நிற்கும். 12இல் ஒரு புள்ளி இடைவெளி அட்டையில் எவ்வளவு காட்டுகிறதோ, 6இல் அதைப்போல் இரண்டு மடங்கு காட்டும். கோடும் சேர்ந்து பெரிதாகிற வகை உண்டு, எஃப்.எஃப்.பி. என்பார்கள், விலை ஏறும். 30 மீட்டருக்குள் அதற்குக் காசு போட வேண்டாம். ஒரே மடங்கில் வைத்துப் பழகுங்கள்.

21 ஜூலை 2024

தம்பியின் ரைபிளில் மாட்டியாகிவிட்டது. இரண்டு ஞாயிறு சுட்டும் சரிப்படவில்லை. ஐந்து சேர்ந்து விழுகிறது, அடுத்த ஐந்து ஒரு அங்குலம் கீழே விழுகிறது.

மேல் டர்ரெட்டை, அதாவது கோட்டை ஏற்றி இறக்குகிற குமிழை, பார்த்தால் கடைசிச் சுற்றில் நிற்கிறது. ஒடிக்கிற ரைபிளில் குழல் பெரும்பாலும் லேசாகக் கீழ்நோக்கி உட்கார்ந்திருக்கும். அதை ஈடுகட்ட மேலே மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கடைசிக்குப் போனால் உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் தளர்ந்துவிடும், கோட்டை அழுத்திப் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்காது. ஒவ்வொரு உதைக்கும் கோடு ஆடும்.

டர்ரெட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, பின் வளையத்தின் அடியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையாக வெட்டி வைத்தோம். இரண்டு வளையத்துக்கும் இடைவெளி 100 மி.மீ. என்றால், பின்னால் 0.1 மி.மீ. உயர்த்தினால் 25 மீட்டரில் பெல்லட் 25 மி.மீ. மேலே போகும், கிட்டத்தட்ட 14 கிளிக். ஃபிலிமை மைக்ரோமீட்டரில் அளந்தோம், இரண்டு பட்டை வைத்தோம். அதற்கு மேல் வைத்தால் ஸ்கோப்பின் குழல் வளைந்து நெருக்கும், சரிவுக்கென்றே செய்த மவுண்ட் வாங்குவது நல்லது.

22 ஜூலை 2024

ஃபிலிம் வைத்ததில் கீழே இறங்குவது நின்றது. ஆனால் இப்போது இடம் வலமாக இரண்டு கூட்டமாக விழுகிறது. நேற்று நான் ஃபிலிமே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது போல எழுதிவிட்டேன்.

பார்த்தால் ரைபிளின் மரக் கட்டையில் முன்பக்கத்து இரண்டு ஆணியும் முக்கால் சுற்று தளர்ந்திருந்தன. குழல் ஒடிகிற இடத்து ஆணியும் கொஞ்சம். ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் இந்த ஆணிகளைப் பாருங்கள், ஒவ்வொரு டப்பா பெல்லட்டுக்கும் ஒருமுறை. மூன்றையும் இறுக்கினோம். ரைபிளை மணல் மூட்டையில் அழுத்தாமல், இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் சும்மா கிடக்கவிட்டுச் சுட்டார். ஐந்தும் சேர்ந்தது.

3 ஆகஸ்ட் 2024

நேற்று முன்தினம் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்தீர்களா? மனசு நிறைந்துவிட்டது. அதிலும் ஸ்கோப் கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைபிளில் அர்ஜுன் பபுதா நான்காவதாக வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே ஆடிக் காற்று. மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. 25 மீட்டரிலேயே பெல்லட்டை ஒரு அங்குலம் கிழக்கே தள்ளிவிட்டது. ஸ்கோப்பைத் திருகாதீர்கள், ஜீரோ கெடும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை சுட்டுவிட்டுக் கிளம்புங்கள். அட்டைக்கு ஒரு அடி தள்ளி ஒரு முழம் நூல் கட்டிவிட்டால் காற்று எப்போது விடுகிறது என்று தெரியும்.

18 ஆகஸ்ட் 2024

ஏ.ஓ. வளையத்தில் அச்சடித்த எண்களை நம்ப வேண்டாம். தம்பி 25இல் வைத்து 25 மீட்டரில் சுட்டிருக்கிறார். அது 25 கஜம், 22.9 மீட்டர்தான். மே மாசம் நானும் கஜத்தையும் மீட்டரையும் கலந்து எழுதி வந்தேன், தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வளையத்தைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டுங்கள். 10, 15, 20, 25 மீட்டர்களை டேப்பால் அளந்து அட்டை வைத்து, தலையை அசைத்தாலும் கோடு ஊராத இடம் வரை வளையத்தைத் திருப்பி, பால்பாயின்ட் பேனாவால் கோடு போடுங்கள். அட்டை தெளிவாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள், கண் தானாகச் சமாளித்துக்கொள்ளும், தலை அசைப்பு ஏமாற்றாது. அப்புறம், காலை ஏழு மணிக்குப் போட்ட கோடும் மதியம் இரண்டு மணிக்குப் போட்ட கோடும் ஒன்றாக வரவில்லை. வெயிலில் குழலும் லென்ஸும் சூடாகி விரிவதால் மாறுகிறது. காலைக்கு நீலம், மதியத்துக்குச் சிவப்பு என்று இரண்டு வரிசை போட்டோம்.

மதியம் 12 மடங்கில் அட்டை தணல் மேல் வைத்த மாதிரி அலையும். 6க்கு இறக்கினால் அலைவது கண்ணை உறுத்தாது.

20 அக்டோபர் 2024

மழை பிடித்துவிட்டது. ஸ்கோப்பை அது வந்த ரெக்சின் பைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, மூடி போடாமல் ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். லென்ஸை வேட்டி நுனியால் துடைப்பதை நிறுத்துங்கள். முதலில் தூரிகையால் தூசு தட்ட வேண்டும், நம் செம்மண் தூசு கண்ணாடி மேல் உப்புத்தாள் மாதிரி கீறும்.

10 நவம்பர் 2024

தம்பி அட்டையின் படம் அனுப்பியிருக்கிறார். 25 மீட்டர், ஐந்து பெல்லட், ஒரு ரூபாய்க் காசை வைத்தால் ஐந்து ஓட்டையும் மறைந்துவிடுகிறது. எத்தனை மடங்கில் சுட்டீர்கள் என்று கேட்டேன். எட்டில் வைத்துவிட்டாராம், ஜூலைக்கு அப்புறம் அந்த வளையத்தைத் தொடவே இல்லையாம். 30 மீட்டர் கோடு மட்டும் இன்னும் டேப்பில் போடவில்லை. கிணற்று மேட்டுப் பக்கம் சேறு காயட்டும், அட்டையை அங்கே நகர்த்தலாம் என்று சொல்லியிருக்கிறேன்.